ஒரே பெயரில் மூன்று கடிகாரங்கள்



1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி தோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கிந்தாரோ ஹத்தோரி என்பவர் 1881இல் சிறு கடையாகத் தொடங்கி வளர்த்த கடிகாரத் தொழில் அன்று தீக்கிரையானது. பழுதுபார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த சுமார் 1,500 கடிகாரங்களும் அதோடு போயின. ஹத்தோரி என்ன செய்தார்? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஒப்படைத்தவர்களை வரவழைத்து, அதற்கு ஈடான புதுக் கடிகாரங்களை இலவசமாகவே கொடுத்தார். மறு ஆண்டு, 1924இல்தான், சீக்கோ என்ற பெயர் முதன்முதலாக ஒரு கைக்கடிகாரத்தின் முகப்பில் ஏறியது.

கடிகாரம் வாங்கும் ஒருவர் அதைப் பிற்காலத்தில் பழுதுபார்க்கப் போகிறவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மலிவு விற்பனையில் ஒன்று, விமான நிலையத்தில் ஒன்று, போனஸ் கிடைத்த மாதத்தில் ஒன்று என்று வாங்கிச் சேர்த்து, பத்து ஆண்டுகளில் மேசை இழுப்பறை நிறைந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் பாதி நின்றுபோய்க் கிடக்கும். மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கலாம் என்று எடுத்தால், ஓடுகிற ஒன்றுகூடக் கையில் அகப்படாது. அத்தனைக்கும் செலவழித்த பணத்தைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

ஒரே நிறுவனத்தின் மூன்று கடிகாரங்களோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே பழுதுபார்ப்பவரிடம் எல்லாவற்றையும் கொடுக்கலாம். அவருக்கும் அந்த இயந்திரங்களின் குணம் பழகிவிடும். சீக்கோவை எடுத்துக்கொண்டால் இன்னொரு வசதி உண்டு. மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடியதிலிருந்து முதலாளி வாங்கக்கூடியது வரை எல்லாப் படியிலும் அது கிடைக்கிறது.

முதலாவது, அன்றாட வேலைக்கு ஒன்று. 1963இல் வந்த சீக்கோ 5 வரிசை இதற்குப் போதும். கை அசைவிலேயே சாவி ஏறும். கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும். பழைய சீக்கோ 5 பலவற்றில் இருந்த 7எஸ்26 என்ற இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாது. 2019இல் புதுப்பிக்கப்பட்ட வரிசையில் வந்த 4ஆர்36 இயந்திரத்தில் இரண்டும் முடியும். முக்கியமான செய்தி இதுதான்: ஏறக்குறைய இதே இயந்திரம் என்எச்36 என்ற பெயரில் மற்ற நிறுவனங்களுக்கும் பெருமளவில் விற்கப்படுகிறது. ஆகவே பழுதானால் முழு இயந்திரத்தையே மாற்றிவிடலாம். பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியைவிட அது பல நேரங்களில் மலிவாக முடியும். கடிகாரப் பித்தர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், இருபது ஆண்டு கழித்துக் கையில் ஓட வேண்டியது கடிகாரம்.

இரண்டாவது, மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் ஒன்று. 1969 டிசம்பர் 25ஆம் தேதி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சீக்கோ விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 450,000 யென். அன்றைக்கு ஒரு சிறு காரின் விலை! இன்று மிக மலிவான கடிகாரங்கள் குவார்ட்ஸ்தான். விருந்துக்கும் திருமணத்துக்கும் மட்டும் எடுப்பவருக்கு இதுவே ஏற்றது. ஒவ்வொரு முறையும் நேரம் திருத்த வேண்டியதில்லை. ஆனால் தீர்ந்துபோன மின்கலத்தை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். இழுப்பறையில் செத்துக் கிடக்கும் கடிகாரங்களில் பல இப்படிச் செத்தவையே.

மூன்றாவது, நீருக்கு ஒன்று. சீக்கோ தன் முதல் முக்குளிப்புக் கடிகாரத்தை 1965இல் செய்தது. 150 மீட்டர் ஆழம் தாங்கிய அதை ஜப்பானிய ஆய்வுக் குழுவினர் அண்டார்டிகாவுக்கே கட்டிச் சென்றார்கள். இந்த வகையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது தகும். 6ஆர்35 இயந்திரம் கொண்டவை 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். சீக்கோ 5 அதற்குள் ஞாயிறு நண்பகலில் நின்றிருக்கும், ஏனெனில் அதன் கணக்கு 41 மணி நேரம். முகப்பில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பதை ஆயுள் உத்தரவாதமாக எண்ணிவிடக் கூடாது. நீரைத் தடுப்பவை உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள். நம் ஊர் வெயிலும் வியர்வையும் அவற்றை இறுக்கி வெடிக்க வைத்துவிடும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வளையங்களை மாற்றி, நீர் புகுகிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது வேண்டுமா? அந்த ஆசையில்தான் பணம் கரைகிறது. 1996 முதல் 2019 வரை விற்ற எஸ்கேஎக்ஸ்007, உற்பத்தி நின்ற பிறகு முன்பைவிட அதிக விலைக்குத் தேடப்படுகிறது. உள்ளே இருப்பது அதே 7எஸ்26தான். இணையத்தில் பளபளவென்று வரும் எழுபதுகளின் சீக்கோ 5 கடிகாரங்களோ, பல நேரங்களில் முகப்புக்குப் புதுச் சாயம் பூசி, நாலைந்து கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்தவை. கிராண்ட் சீக்கோ 2017இல் தனிப் பெயராகவே பிரிந்துவிட்டது; அதன் விலைக் கணக்கு வேறு.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சீக்கோவின் பின்மூடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் செய்த ஆண்டின் கடைசி இலக்கத்தைக் காட்டும். அடுத்தது மாதத்தைக் காட்டும். 5 என்றிருந்தால் அது 2015ஆ, 2025ஆ என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே வாங்கிய தேதியையும், பின்னர் பழுதுபார்த்த ஒவ்வொரு தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கடிகாரத்தைப் பெற்றுக்கொள்ளும் பிள்ளை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிராது.