நுங்கம்பாக்கத்தில் ஒரு ஜனவரி

இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரின் அபர்தீன் துறையிலிருந்து படகேறிச் சிறிது நேரத்திலேயே சென்றடையக்கூடிய ராஸ் தீவில், 2018 டிசம்பர் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று வழங்கும் அந்தச் சிறு நிலத்தில், இடிந்த மாதாகோயிலையும், ரொட்டி சுட்ட கட்டடத்தையும், மரவேர்கள் வளைத்துப் பிடித்திருக்கும் சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள், வெள்ளைக்கார அதிகாரிகள் டென்னிஸ் ஆடிய களம் இருந்த இடத்துக்கு வந்ததும் சற்று நின்றுவிடுகிறார்கள். கைதிகளின் உழைப்பில் எழுந்த குடியிருப்பில், சிலருக்கு மட்டுமே உரிய உல்லாசமாக இருந்த அந்த ஆட்டம், 1941 ஜூனில் நேர்ந்த பூகம்பத்தோடும், 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை வந்திறங்கியதோடும் முடிந்துபோயிற்று. இப்போது அந்தத் தீவில் புள்ளிமான்கள் பயமில்லாமல் மேய்கின்றன.

பூகம்பமும் இல்லாமல், படையெடுப்பும் இல்லாமல் நின்றுபோன ஒரு டென்னிஸ் போட்டியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். சென்னை ஓபன் என்ற பெயரை நேயர்களில் அநேகர் கேட்டிருப்பீர்கள்.

1996-ஆம் ஆண்டில் டில்லியில் தொடங்கி, மறு ஆண்டே சென்னைக்கு வந்து, இருபத்தோர் ஆண்டுகள் அந்நகரைவிட்டு அகலாதிருந்த அந்தப் போட்டிக்கு இருப்பிடமாக அமைந்தது, 1995-இல் தெற்காசிய விளையாட்டு விழாவுக்காக எழுப்பப்பட்ட நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம். ஒரு காலத்தில் ஏரி இருந்த பகுதி அது. நீர் போனபின்பும் 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் போகவில்லை. முதலில் ஒரு சிகரெட்டின் பெயரையும், பின்னர் டாட்டாவின் பெயரையும், கடைசி ஆண்டுகளில் ஏர்செல்லின் பெயரையும் அந்தப் போட்டி தாங்கி வந்தபோதிலும், ஜனங்களுக்கு அது என்றும் சென்னைப் போட்டியாகவே இருந்தது. 1998-இல், முந்தைய ஆண்டின் அமெரிக்க ஓபன் சாம்பியனான பாட்ரிக் ராஃப்டர் சித்திரை வெயிலின் வாசலில் வந்து ஆடிக் கோப்பையை வென்றார். இந்தியாவின் பயஸும் பூபதியும் அங்கே ஐந்து முறை இரட்டையர் பட்டம் பெற்றார்கள். போட்டி ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியதன் பின்னர், ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போகும் வழியில் ஆட்டத்தைச் சாணை பிடித்துக்கொள்ளப் பல நல்ல வீரர்கள் சென்னையில் இறங்கினார்கள். ஸ்விட்சர்லாந்தின் வாவ்ரிங்கா 2014 ஜனவரியில் இங்கே வென்று, அதே மாதத்தில் மெல்போர்னிலும் வாகை சூடியதைச் சென்னைவாசிகள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் வெற்றியாகவே கொண்டாடினார்கள்.

அந்தமான் நிகோபார் தீவுவாசிகளாகிய நமக்கு இந்தச் சரித்திரத்தில் தனி உரிமை ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்து கார் நிகோபாரையும், கட்சாலையும், கமோர்ட்டாவையும் அள்ளிச் சென்றதையும், இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நின்ற நிலமே தாழ்ந்து, அதன் அடியில் கடல்நீர் புகுந்ததையும் இந்த வானொலியைக் கேட்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மெரினாவின் மீனவக் குப்பங்களிலும் அழுகை ஓயாதிருந்த அந்த நாட்களில், ஒரு வாரம் கழித்து, நுங்கம்பாக்கத்தில் போட்டி தொடங்கியது. இறுதியாட்டத்தில், அதே அலைகள் தாக்கிய தாய்லாந்தைச் சேர்ந்த பாரடோர்ன் ஸ்ரீசாப்பனும், ஸ்பெயின் தேசத்துக் கார்லோஸ் மோயாவும் எதிர்நின்றார்கள். முதல் செட்டை இழந்து, இரண்டாவதைப் பிடித்து, மூன்றாவதை டைபிரேக்கில் முடித்து வென்ற மோயா, தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைச் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கே கொடுத்துவிட்டார். அவர் பிறந்தது மத்தியதரைக் கடலின் மயோர்க்கா என்னும் தீவில். கடலைப் பார்த்தே வளர்ந்த ஒருவருடைய கொடை அது என்று எண்ணும்போது, எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

அதே மோயா 2008-இல், அதே மயோர்க்காவைச் சேர்ந்த ரஃபேல் நடாலோடு அரையிறுதியில் மோதினார். மூன்று செட்டும் டைபிரேக். மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிஷம். ஒவ்வொரு புள்ளிக்கும் பின் பந்து பொறுக்கும் சிறுவன் நீட்டிய துண்டை வாங்கி, முகத்தையும் முன்கையையும் துடைத்துவிட்டு, இரண்டு பந்துகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மறுபடி கோட்டருகே போய் நிற்கும் நடாலை, களைப்பு என்பதே அண்டாதோ என்று தோன்றிற்று. மோயா வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றும் அது கைகூடாமல், நடாலே வென்றார். ஆனால் மறுநாள் இறுதியில் ரஷ்யரான யூஸ்னியிடம் அவர் 6-0, 6-1 என்று வீழ்ந்தார். முந்தைய இரவு அவர் கால்களில் மிச்சம் வைத்தது அவ்வளவுதான். இந்தியர் எவரும் ஒற்றையர் இறுதிக்கு வந்ததில்லை என்ற குறையும் மறு ஆண்டே தீர்ந்தது. சோம்தேவ் தேவ்வர்மன் அதே மோயாவையும், நெடிய உயரத்துக் கார்லோவிச்சையும் வென்று இறுதிக்கு வந்து, குரோஷிய வீரர் சிலிச்சிடம் தோற்றார்.

சென்னையில் மின்விளக்கொளியில் மாலை ஆட்டம் தொடங்கும் வேளையில், நம் ஊரில் பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியிருக்கும். ஒரே கடிகாரத்தின் கீழ் வாழ்ந்தாலும், நமக்குச் சூரியன் முக்கால் மணி நேரம் முன்னதாகவே விடைபெறுகிறது. அந்த இருட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் நீல வெளிச்சத்தில், சென்னை ஜனங்களின் கைதட்டலை நாமும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அது எப்படி நின்றது? இவ்வகைப் போட்டிகளை நடத்தும் உரிமை எப்போதும் நகரத்துக்குச் சொந்தமாக இருப்பதில்லை. சென்னைப் போட்டியின் உரிமை ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2017 ஜனவரியில் பவுதிஸ்தா அகுட், அப்போது அதிகம் அறியப்படாத மெத்வதெவை வீழ்த்திய இறுதியாட்டமே சென்னையில் அந்தப் போட்டியின் கடைசி இறுதியாட்டம் என்று அன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவ்வாண்டின் நடுவில் போட்டி புனேக்குப் போகிறது என்ற செய்தி வந்தது. அங்கே பாலேவாடி அரங்கத்தில் 2018 முதல் மகாராஷ்டிரா ஓபன் என்ற பெயரில் நடந்து, 2023-ஓடு அதுவும் ஓய்ந்தது. ஆடவர் தொழில்முறை டென்னிஸின் முதல்நிலைச் சுற்றான ஏ.டி.பி.யில் தெற்காசியாவுக்கென்று இருந்த ஒரே போட்டி அவ்விதம் போயிற்று.

ஒரு நகரம் இருபத்தோர் ஆண்டுகள் பழகிய பழக்கத்தைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாக மாற்றிவிட்டது தவறு என்றே நான் கருதுகிறேன். பந்து பொறுக்கிய பிள்ளைகளுக்கும், மலிவான சீட்டில் உச்சிப் படிக்கட்டில் அமர்ந்து நடாலைக் கண்ணாரக் கண்ட மாணவர்களுக்கும் கிடைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ராஸ் தீவின் களத்தில் ஆட வேண்டுமானால் அதிகாரியாக இருந்திருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் சீட்டு வாங்கியவர் எவரும் உள்ளே போகலாம்.

2022 செப்டம்பரில் அதே அரங்கத்தில் பெண்கள் போட்டி நடந்து, செக் தேசத்தின் பதினேழு வயதுப் பெண் லிண்டா ஃபுருவிர்டோவா வென்றபோது, காலியாக இருந்த படிக்கட்டுகளில் மறுபடி ஜனங்கள் நிறைந்தார்கள். ஏ.டி.பி. சுற்றின் ஆடவர் போட்டி இன்னும் திரும்பவில்லை. திரும்புமானால், ஏறக்குறைய மூன்று நாள் கடற்பிரயாணமானாலும் சரி, டிசம்பரின் கடைசிக் கப்பலுக்குச் சீட்டு எடுக்க நான் வரிசையில் நிற்பேன்.