மூலையில் கிடக்கும் சைக்கிள்



இன்றைய பேச்சு சைக்கிளைப் பற்றியது. கடையில் மின்னும் புதுச் சைக்கிளைப் பற்றி அல்ல. வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அந்தப் பழைய சைக்கிளைப் பற்றியது.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை ஓரமாக ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. அது தாத்தாவின் சைக்கிள். தாத்தா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. டயர் வெடித்துவிட்டது. செயின் இறுகிவிட்டது. இப்போது அதன்மேல் துணி காய்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார்.

"எடைக்குப் போடுறீங்களாம்மா?" என்று கேட்கிறார்.

"அது அவரோட வண்டி. இருக்கட்டும்" என்கிறார் பாட்டி.

அந்த வீட்டு மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். உயர்நிலைப் பள்ளி நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலையில் ஒரே ஒரு பஸ். அதையும் நம்ப முடியாது. புதுச் சைக்கிள் வாங்கக் கையில் பணம் இல்லை. ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏம்மா, தாத்தா சைக்கிள் இனிமே ஓடாதா?"

ஓடும். அதை வீட்டிலேயே ஓட வைக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

சைக்கிளும் படிப்பும்

1885ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்னும் ஊர். அங்கே ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ஒரு சைக்கிள் செய்தார். அதில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் பெடல். செயின் பின் சக்கரத்தை இழுக்கும். 1888இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். இன்று நம் தெருவில் ஓடும் கறுப்புச் சைக்கிளும் இதே முறையில்தான் ஓடுகிறது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் முறை மாறவில்லை. ஒரு சைக்கிளைப் பிரித்துப் பார்த்தவருக்கு இன்னொன்று புரியும்.

நாடு விடுதலை பெற்ற பின் இங்கே பெரிய சைக்கிள் ஆலைகள் வந்தன. 1951இல் அரியானாவில் உள்ள சோனிபட்டில் அட்லஸ் தொடங்கியது. 1956இல் பஞ்சாபில் உள்ள லூதியானாவில் ஹீரோ தொடங்கியது. உயரமான கறுப்புச் சைக்கிளில் பல பாகங்களுக்கு அளவு ஒன்றுதான். ஒரு கம்பெனி சைக்கிளில் இன்னொரு கம்பெனியின் செயினைப் பெரும்பாலும் மாட்டலாம். பழைய சைக்கிளுக்கு இன்றும் சாமான் கிடைக்கக் காரணம் இதுதான்.

சைக்கிளுக்கும் படிப்புக்கும் உறவு உண்டு. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுத் தரப்பட்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 2006இல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மாணவிகள் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. 2015இல் மேற்கு வங்காளமும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சைக்கிள் கிடைப்பது ஒரு பாதி. அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது மறு பாதி. பராமரிப்பு இல்லாத சைக்கிள் கடைசியில் மூலைக்குத்தான் போகும்.

முதல் கருவி பென்சில்

அந்த வீட்டு அம்மா முதியோர் வகுப்பில் படிக்கக் கற்றவர். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். மகள் உடனே ஸ்பேனரை எடுத்தாள்.

"இரு. முதல்ல நோட்டை எடு" என்றார் அம்மா.

அது சரியான முறை. பிரிப்பது எளிது. மறுபடி சேர்ப்பதுதான் கடினம். எந்தப் பாகம் எங்கே இருந்தது, எந்த வளையம் முன்னே, எது பின்னே என்று எழுதிக்கொள்ள வேண்டும். சின்னதாகப் படம் போட்டாலும் போதும். ஒவ்வொரு பகுதியின் சாமான்களையும் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். டப்பாவின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும். "முன் சக்கரம்", "பின் சக்கரம்", "பெடல்" என்று எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவருக்கு இந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

மற்றக் கருவிகள் அதிகம் இல்லை. அளவுக்கு ஏற்ற ஸ்பேனர்கள், திருப்புளி, குறடு, சிறு சுத்தியல், கம்பி பிரஷ், உப்புத்தாள். கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் மெஷின் எண்ணெய். கழுவ மண்ணெண்ணெய். அது கிடைக்காவிட்டால் டீசல். இவை தீப்பிடிக்கும். அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

துருப்பிடித்த நட்டைப் பலம் கொண்டு திருகினால் மரை போய்விடும். எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவைக்க வேண்டும். மறுநாள் அது இளகும். இன்னொன்று: இடது பெடலின் மரை தலைகீழானது. மற்றவற்றைக் கழற்றும் பக்கம் திருப்பினால் இது இறுகும். இது தெரியாமல் மல்லுக்கு நின்று கை காயப்பட்டவர்கள் உண்டு.

சாக்பீஸ் சொன்ன சேதி

சைக்கிளைக் கழுவித் துடைத்ததும் முதலில் பிரேமைப் பார்க்க வேண்டும். குழாயும் குழாயும் சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும். அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் கவையைப் பார்க்க வேண்டும். கடையில் அதைப் போர்க் என்பார்கள்.

மெல்லிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். கால் மணி நேரம் கழித்து உலரத் துடைக்க வேண்டும். பிறகு சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வரும். வெள்ளை மேல் ஈரக் கோடு தெரியும்.

அம்மாவும் மகளும் அப்படியே செய்தார்கள். பிரேம் நன்றாக இருந்தது. ஆனால் கவையின் மேல்பகுதியில் நகத்தின் அகலத்துக்கு ஒரு கோடு தெரிந்தது.

மகளுக்கு முகம் வாடிவிட்டது. "பெயிண்ட் அடிச்சா தெரியாதும்மா" என்றாள்.

"கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனா உடையாம இருக்குமா? இதுல போகப்போறது நீ" என்றார் அம்மா.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கழட்டிடு. மிச்ச வண்டி அவரோடதுதானே" என்றார்.

கவை ஓடும்போது உடைந்தால் முன் சக்கரம் கழன்றுவிடும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஆகவே விரிசல் விட்ட கவையையும், வளைந்த கவையையும் வீட்டில் சரி செய்யக் கூடாது. நெருப்பில் காட்டி நிமிர்த்தக் கூடாது. மாற்ற வேண்டும். பிரேமில் விரிசல் இருந்தாலும் அந்தப் பிரேம் வேண்டாம். எதைக் காப்பாற்றலாம், எதை எறிய வேண்டும் என்று அறிவதுதான் இந்த வேலையில் முதல் அறிவு. வாங்கப் போகும்போது பழைய கவையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நீளமும் மரையும் ஒத்திருக்க வேண்டும்.

ஓவராயில்

சைக்கிளை முழுவதும் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்துச் சேர்ப்பதை ஓவராயில் என்கிறோம். சக்கரத்தின் நடுவில் ஹப் இருக்கிறது. அதற்குள் எஃகுக் குண்டுகள் உள்ளன. கடையில் பால்ஸ் என்பார்கள். பின் சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 குண்டு. கால் அங்குல அளவு. முன் சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 10. அவை சற்றுச் சிறியவை. பிரிக்கும்போதே எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். குண்டு புள்ளி விழுந்திருந்தால் அந்தப் பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவற்றின் விலை குறைவு.

கப்பில் கிரீஸை அப்பி, அதில் குண்டுகளை அடுக்க வேண்டும். கிரீஸ் பிடித்துக்கொள்வதால் அவை விழாது. பிறகு கோனைத் திருக வேண்டும். அதிகம் இறுக்கினால் சக்கரம் சுற்றாது. தளர விட்டால் ஆடும். ஆட்டமும் கூடாது, பிடிப்பும் கூடாது. மெல்லச் சுற்றிவிட்டால் சக்கரம் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

சக்கரத்தில் கோட்டம் இருந்தால் சாக்பீஸ் மறுபடி உதவும். ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வலப்பக்கம் கோடு விழுந்தால் ரிம் அந்த இடத்தில் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அங்கே இடப்பக்கத்துப் போக்ஸ் கம்பிகளைக் கால் சுற்று இறுக்க வேண்டும். வலப்பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கோட்டம் கூடும். அந்த வீட்டில் ஒரு சக்கரத்துக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது.

ஒரு சிறு கணக்கு

செயின் தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கோல் சொல்லும். ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி 24 கண்ணிகளை அளக்க வேண்டும். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் தீர்ந்தது. அதனுடன் ஓடிய பல் சக்கரமும் தேய்ந்திருக்கலாம். பல்லின் முனை கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மகள் பல்லை எண்ணினாள். முன் பல் சக்கரத்தில் 48. பின்னால் பிரீவீலில் 18. பெடலை 3 முறை சுற்றினால் 144 பல் நகரும். 144ஐ 18ஆல் வகுத்தால் 8. ஆக, பெடல் 3 முறை சுற்றினால் பின் சக்கரம் 8 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். அப்படியானால் பள்ளிக்குப் போக எத்தனை முறை மிதிக்க வேண்டும்? அந்தக் கணக்கை மகள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

டயர் வாங்கும்போது பழைய டயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். 28 அங்குல ரிம்மில் 26 அங்குல டயர் ஏறாது. இரண்டு மூன்று பழைய சைக்கிள்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் கட்டுபவர்களும் உண்டு. நல்ல முறைதான். அவர்களும் அளவைப் படித்துப் பார்த்தே சேர்க்க வேண்டும். 40 ஓட்டை ரிம்முக்கு 40 ஓட்டை ஹப்தான் வேண்டும்.

கடைசியில் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் மேல் பிரேக்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் குழந்தைகளுக்குக் கெடுதல். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புதிதாகப் போட வேண்டும். கட்டையைத் தாங்கும் கூட்டில் ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். சக்கரம் சுழலும் திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவி விழுந்துவிடும். இந்தச் சின்னத் தவறு உயிரை வாங்கிவிடும். ரிம்மில் எண்ணெய் படக் கூடாது. மழையில் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும். அதை ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஏறக் கூடாது. முதலில் தள்ளிக்கொண்டு நடந்து, பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டு அம்மா தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு முதலில் ஏறி ஓட்டியது மகள் அல்ல, அம்மாதான். திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் ஹேண்டில்பாரை மகளிடம் கொடுத்தார்.

சில நாள் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக முறுக்கிய போக்ஸ் கம்பிகளும் தளரும். அந்த நாளையும் நோட்டில் குறித்துவைக்க வேண்டும்.

நண்பர்களே, இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. வாரம் ஒரு மாலை, வீட்டு முற்றம், கொஞ்சம் பொறுமை. இவை போதும். தெரியாத இடத்தில் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லித் தருவார். ஒரு சைக்கிளைச் செய்து முடித்தவரைத் தேடி அடுத்த வீட்டுச் சைக்கிளும் வரும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றபோது என்ன செய்தீர்கள்? சொல்லைப் பிரித்தீர்கள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தீர்கள். மறுபடி சேர்த்தீர்கள். சைக்கிளும் அப்படித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு சைக்கிள் இருந்தால் முதலில் நோட்டையும் பென்சிலையும் எடுங்கள்.