கருத்திட்டமும் கரை சேர்தலும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது முன்னோர் மொழி. திட்ட முகாமைத்துவம் என்ற பெயரில் இன்றைய நூல்கள் அதிகாரம் அதிகாரமாக விரித்துரைப்பதை அவர்கள் ஆறே சொற்களில் அடக்கிவிட்டனர். அந்நூல்களின் கலைச்சொற்கள் கேட்பதற்குக் கடுமையானவை. எனினும், வீடு கட்டியவர் எவருக்கும் அவை புதியன அல்ல.

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றில் ஒருவர் வீடு கட்ட முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலை என்பது மரமுமாம், வறண்ட நிலமுமாம். அவருடைய திட்டத்துக்கும் ஊர்ப்பெயர் பொருந்தும்: தாளில் ஊற்று, கையில் பாலை.

முதலில் அவர் காணியைச் சுற்றி வந்து, கிணறு எங்கே தோண்டலாம், கைப்பணம் எதுவரை போதும் என்று ஆராய்கிறார். இதுவே சாத்தியவள ஆய்வு. இதன் முடிவு முன்னரே தெரிந்தது. வீடு வேண்டும் என்று இல்லாள் சென்ற ஆண்டே தீர்மானித்துவிட்டார். அடுத்தது புரிந்துணர்வு உடன்படிக்கை. மேசனார் ஒன்றைப் புரிந்துகொள்ள, வீட்டுக்காரர் வேறொன்றைப் புரிந்துகொள்ள, இருவரும் ஒரே தாளில் கையொப்பமிடுவது அது. மதிப்பீடு என்பது, இதற்குமேல் ஆகாது என்று சொல்லப்பட்டு, இதற்குக் குறையாது என்று பொருள்படும் தொகை. அத்திவாரம், நிலை வைத்தல், கூரை ஆகியன மைல்கற்கள். வழிப்போக்கருக்கு மைல்கல் தூரத்தைக் காட்டும். மேசனாருக்கோ முற்பணம் கேட்கும் இடத்தைக் காட்டும்.

இனிக் காலக்கெடு. கொடுத்த காலம் முழுவதையும் நிரப்பும் அளவிற்கு வேலை விரியும் என்று பார்க்கின்சன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1955 ஆம் ஆண்டில் எழுதினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம். 1914 முதல் 1928 வரை அதன் பெரும் போர்க்கப்பல்கள் 62 இலிருந்து 20 ஆகக் குறைய, அலுவலர் தொகை 2,000 இலிருந்து 3,569 ஆகப் பெருகியதாம்!

அந்தத் தலைமையகமே திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களை அமைத்தது. அவற்றைக் கூட்டாகப் புதுப்பிப்பது பற்றி 1987 இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் கடிதம் பரிமாறினர். 2003 இல் ஓர் ஒப்பந்தம் எழுந்தது. 2022 சனவரியில் மற்றொன்று எழுந்து, எஞ்சிய 99 குதங்களை 14, 24, 61 என்று பங்கிட்டது. கடிதத்துக்கும் பங்கீட்டுக்கும் இடையே 35 ஆண்டுகள். கலைச்சொல்லில் இதனைக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தல் என்பர்.

இச்சொற்களுள் ஒன்று மட்டும் சிரிப்புக்குள் அடங்காதது. அதுதான் நெருக்கடிப் பாதை. எந்தப் பணி ஒரு நாள் பிந்தினால் முழுத்திட்டமும் ஒரு நாள் பிந்துமோ, அத்தகைய பணிகளின் தொடரே அது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் இம்முறை உருவாயிற்று. கிழக்கிலங்கையிலோ பாதை என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவை. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை, மக்கள் நீரின்மேல்தான் ஏறி இறங்கிக் கடந்தனர்.

அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் மாற்று வழியாக ஒரு மிதவையை நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23 அன்று காலை அது கவிழ்ந்தது. மாண்டவர்களுள் பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவரும் இருந்தனர்.

கட்டுவோரின் அட்டவணையில் இடைக்கால ஏற்பாடு என்பது ஒரு சிறு வரி. பாலம் முடியும் வரை, கடப்போருக்கு அந்தச் சிறு வரியே பாலம். திட்டம் பிந்தலாம், மதிப்பீடு ஏறலாம், அவற்றைப் பேசிச் சிரித்து ஆற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வரியில் நேரும் பிழையை ஆற்ற எந்தக் கலைச்சொல்லும் இல்லை.

ஆதலால் பாலையூற்று வீட்டுக்காரர் மேசனாரிடம் முதலிற் கேட்க வேண்டியது, வீடு எப்போது முடியும் என்பதன்று. அது முடியும்வரை, மாரி மழைக்குப் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவர் என்பதே.