கரை சேர்ப்பது வேகமல்ல, உறுதியே!

(“நம்மைக் கரை சேர்ப்பது பழமையின் உறுதியா? புதுமையின் வேகமா?” என்ற பட்டிமன்றத்தில், ‘பழமையின் உறுதியே’ என்ற அணியில் பேசியது.)

வேகமா பேசி முடிச்சிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசிய சகோதரி ஒரு பாய்மரப் படகையே இந்த மேடையில கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. பிரான்சிலிருந்து புறப்படுகிற ‘வாண்டே குளோப்’ பந்தயம். தனி ஆளா, எங்கேயும் நிற்காம, யார் உதவியும் இல்லாம உலகத்தைச் சுற்றி வரணும். 2025 ஜனவரியில சார்லி தலான் அதை 64 நாள் 19 மணி நேரத்துல முடிச்சார். 60 அடிப் படகு, முழுக்க கார்பன் இழை. பக்கத்துல இறக்கை மாதிரி தகடு; வேகம் பிடிச்சா படகையே தண்ணிக்கு மேல தூக்கிடும். “1969-ல பழைய படகுக்கு 312 நாள், எங்க படகுக்கு 64 நாள், கணக்கு முடிஞ்சது” என்றார்கள்.

சகோதரி, கணக்கு சரி. ஆனா பாதிக் கணக்கு! மீதியை நான் போடுறேன். அதே கடல்லயே போடுறேன்.

அந்த 312 நாள் படகு எங்கே பிறந்தது தெரியுமா? நம்ம பம்பாயில! (கைதட்டல்) பேர் ‘சுஹைலி’. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரிக்காக, 1960-களில் நம்ம தச்சர்கள் கைக்கருவிகளை வச்சே தேக்கு மரத்துல செதுக்கின 32 அடிப் படகு. படகோட வரைபடமே 1920-களில் போட்டது. அப்பவே அது பழைய மாடல்!

1968-ல உலகத்தைத் தனியா சுற்றுகிற முதல் போட்டிக்கு ஒன்பது பேர் புறப்பட்டார்கள். போட்டியை முடித்தவர் இந்த ஒருத்தர்தான்.

ஒண்ணும் உடையாமலா வந்தார்? எல்லாம் உடைஞ்சுது நடுவர் அவர்களே! ஆப்பிரிக்காவுக்கு மேற்கே போகும்போதே பலகை இடுக்குல தண்ணி ஏறுச்சு. மனுஷன் கடல்ல குதிச்சார். நம்ம தோணி கட்டுறவங்க கலப்பத்து அடிக்கிற மாதிரி இடுக்குல பஞ்சை அடைச்சு, மேலே தார் பூசின கித்தான் துணியை வச்சு, செப்புத் தகட்டை ஆணி அடிச்சார். ஒழுகல் நின்னுது. ஆஸ்திரேலியாப் பக்கம் போனதும், தானா திசை பிடிக்கிற கருவி ஒடிஞ்சுது. வானொலியும் போச்சு. நாலு மாசத்துக்கு மேல அவர் இருக்காரா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. ஆனா அந்தப் படகோட அடியில முன்னிருந்து பின்வரைக்கும் நீளமா ஏரா ஓடுது. பாயைச் சரியா விரிச்சு, சுக்கானைக் கட்டிப்போட்டா அது பாட்டுக்குப் போகும். அப்படியே இங்கிலாந்து வந்து சேர்ந்தார்!

புதுப் படகுல? ஏரா கத்தி மாதிரி ஒல்லியா தொங்குது. சாய்க்க ஒரு இயந்திரம், திசை பிடிக்க ஒரு கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் கரண்டு. கார்பன் பிளந்தா எங்கேங்க ஆணி அடிக்கிறது? (சிரிப்பு)

2020 நவம்பர் 30. அதே வாண்டே குளோப் பந்தயம். ‘பிஆர்பி’ என்ற இறக்கை வச்ச படகு, ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கும் தெற்கே, ஒரு அலையில மூக்கைக் குத்தி மடிஞ்சு உடைஞ்சுபோச்சு. சில நிமிஷத்துல அந்த மாலுமி உயிர்காப்பு மிதவையில! இரவெல்லாம் தேடிக் காப்பாத்தினவர் யார்? 61 வயசு ஜான் லெ காம். அவர் படகும் கார்பன்தான், ஒத்துக்கறேன். ஆனா 2007-ல கட்டினது, இறக்கை இல்லாதது. காப்பாத்தி அனுப்பிட்டு, அதே படகுல போய் நாலாவது இடமும் வாங்கினார்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் குறிப்பெடுக்கிறார். என்ன கேட்பார்னு தெரியும். “சுஹைலி மாதிரியே கோவாவில் கட்டின ‘துரியா’, 2018-ல நம்ம அபிலாஷ் டோமியோட போய்ப் பாய்மரம் முறியலையா?” முறிஞ்சுது ஐயா. புயலுக்குப் பழசு புதுசு தெரியாது. ஆனா முதுகுல அடிபட்டு அசைய முடியாம கிடந்தவரை, மூணு நாள் கழிச்சு மீட்பு வர்ற வரைக்கும் தனக்குள்ளயே வச்சுக் காப்பாத்துச்சு பாருங்க அந்தப் படகு, அதுதான் உறுதி! அவர் மறுபடி பழைய பாணிப் படகுலயே போய், 2023-ல இரண்டாவதா வந்தார்.

வேகத்தால பயனே இல்லைன்னு சொல்லல. 2024 டிசம்பர்ல தலான் ஒரு பெரும்புயலுக்கு முன்னாலயே ஓடித் தப்பினார். ஆனா வேகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துக்கிட்டே ஓடும்.

மறுபடி 1969-க்கு வாங்க. முதல்ல வர்றவருக்குக் கோப்பை. குறைந்த நாளில் முடிச்சவருக்கு 5,000 பவுன். நைஜல் டெட்லி என்பவர், மூணு உடல் சேர்த்த படகு, அந்தக் காலத்துக்குப் புதுசு, நல்ல வேகம். பணம் அவருக்குத்தான் என்ற நிலைமை. பின்னாலேயே குரோஹர்ஸ்ட் என்பவர் வேகமா வர்றார்னு சேதி வந்தது. பயந்துபோய் நைந்த படகை விரட்டினார். ஊருக்கு ஏறக்குறைய 1,100 மைல் இருக்கும்போது படகு பிளந்து மூழ்கிப்போச்சு. உயிர் மட்டும் தப்பியது.

பின்னால வந்தவர்? வரவே இல்லைங்க! அட்லாண்டிக்கிலேயே சுத்திக்கிட்டு, வானொலியில பொய்யான இடத்தைச் சொல்லிக்கிட்டிருந்தார். 1969 ஜூலையில அவர் படகு மட்டும்தான் கிடைச்சது. அவர் இல்லை.

தாய்மார்களே, நம்ம வீட்டுலயும் இது நடக்குதே! “பக்கத்து வீட்டுப் பையன் 98 மார்க்காம்” என்று சொல்லிப் பிள்ளையை விரட்டுகிறோமே, அந்தப் பிள்ளையோட படகு எத்தனை இடத்துல நைஞ்சிருக்குன்னு ஒரு நாள் குனிஞ்சு பார்த்தோமா?

மெதுவா வந்த ராபினுக்கே கோப்பையும் கிடைச்சது, பணமும் கிடைச்சது. அந்த 5,000 பவுனை அவர் என்ன செய்தார் தெரியுமா? குரோஹர்ஸ்ட்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துட்டார். (நீண்ட கைதட்டல்)

கடல் யாரையும் ‘எத்தனை நாள்ல வந்தே?’ என்று கேட்பதில்லை. வீட்டில் காத்திருக்கிறவர்களும் கேட்பதில்லை. ‘வந்துட்டியா?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ‘வந்துட்டேன்’ என்று பதில் சொல்ல வைப்பது பழமையின் உறுதியே, உறுதியே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.