கணக்கில் நிற்போம், கலையாமல் நிற்போம்!

(தாராவிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்கள் இந்த நகரத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மாதுங்காவின் பூக்கடைகளையும் காப்பிக் கடைகளையும் பார்த்தவர்கள், செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியேறியவர்கள், "நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்று மகிழ்கிறார்கள். அவர்களையே தாராவியில் நம் பத்துக்குப் பத்து அறைக்கு அழைத்து வந்தால், "இதிலயா இத்தனை வருஷம் இருக்கீங்க?" என்று திகைக்கிறார்கள்.

இரண்டும் உண்மைதான். ஊர் நமக்குக் காற்றைக் கொடுத்தது, கூலியைக் கொடுக்கவில்லை. இந்த நகரம் கூலியைக் கொடுத்தது, காற்றைக் கொடுக்கவில்லை. பீக் அவரில் லோக்கல் வண்டியில் ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தால் போதும் என்று போகிறோம். அதே வண்டியில் முன்பின் தெரியாத மராத்திக்காரர் கைநீட்டி நம்மை உள்ளே இழுத்துக்கொள்கிறார். 1966-க்குப் பின் தென்னிந்தியரை விரட்டு என்ற கூச்சல் எழுந்ததையும் நம் பெரியவர்கள் கண்டார்கள். அணைத்த கையும் அடித்த கையும் இந்த நகரத்துக்கே உரியவை.

தோழர்களே! தாராவி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். ஓரத்தில் கோலி மீனவர்கள் இருந்தார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பர்வாடாவை அமைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டார்கள். யாரும் நமக்குக் கட்டிய ஊரை ஒப்படைக்கவில்லை. சேற்றைத் தூர்த்து நிலமாக்கியது உழைத்தவர் கை. இன்றோ மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகம் கண்ணாடிக் கோபுரங்களாக நிற்கிறது. அதனால்தான் நம் மண்ணுக்கு இத்தனை விலை!

1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்தபோது தாராவிக்கும் ஒரு பங்கு வந்தது. 2004-ல் மாநில அரசு மறுசீரமைப்புத் திட்டம் போட்டது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வென்றது. வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொந்தக் கழிப்பறை வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? நம் கேள்வி ஒன்றே: யாருக்கு வீடு, எங்கே வீடு?

விதி இப்படி இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசமாக. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதன் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகை கட்டிப் பின்னர் சொந்தமாக்கும் முறையில். வெளியே என்றால் எங்கே? முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்களையும் தேவனார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியையும் ஒதுக்க 2024-ல் முடிவெடுத்தார்கள். கீழே அண்ணன், மேலே தம்பி என்று வாழும் ஒரே குடும்பத்தை ஓர் ஏணிப்படி இரண்டாகப் பிரிக்கிறது!

இது நமக்குப் புதிதல்ல. செம்பூருக்கு அப்பால் மான்குர்த்தில் ஜனதா காலனி இருந்தது. தமிழர்கள் நிறைந்த இடம். அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் வேண்டுமென்று வெளியேறச் சொன்னார்கள். கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் மக்களைத் திரட்டினார். குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகள் கையில் குப்பைப் பொட்டலம் கொடுத்து நகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர் அவர். நீதிமன்றம் ஏறினார்கள், தில்லி வரை போனார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, ஏறத்தாழ 70,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். நிலம் போயிற்று. ஆனால் மக்கள் சிதறவில்லை. டிராம்பேயில் சீத்தா கேம்ப் என்ற ஊராகி இன்றும் வாழ்கிறார்கள். அற்புதம் 2000-ல் மகசேசே விருது பெற்றார், 2018-ல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பாடம், அரசு எண்ணுமுன் நம்மை நாமே எண்ண வேண்டும் என்பது.

நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. ஆகவே தீர்ப்பு மட்டும் நம்மைக் காக்காது. ஏழாவது மாடியில் இட்லி அவித்து விடியுமுன் கூடையை இறக்குவது எப்படி? அப்பளம் எங்கே காயும்? தோல் தைக்கும் மெஷின் எங்கே நிற்கும்? வீட்டோடு தொழிலுக்கும் இடம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

எனவே மூன்று வேலைகள். ஒன்று: மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு, பழைய போட்டோ பாஸ், வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள், பெண்கள் பெயரையும் சேருங்கள். இரண்டு: சந்து சந்தாக, மாடிகளையும் சேர்த்து, நம் இளைஞர்கள் கணக்கெடுக்கட்டும். மூன்று: அந்தக் கணக்கில் தமிழர் மட்டும் வேண்டாம். பக்கத்துவீட்டு மராத்தியர், உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர், கும்பர்வாடாக் குயவர் அனைவரும் இருக்கட்டும். தனியாகக் கேட்டால் மனு. சேர்ந்து கேட்டால் கோரிக்கை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பும் வேலை தொடங்குகிறது. எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு பேனாவோடு வாருங்கள்.