அராக்னியின் துணி

இன்று நாம் ஒரு சாயக்காரரின் மகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெயர் அராக்னி. கிரேக்கக் கதை, நமக்கு முழுமையாகக் கிடைப்பது ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுத்தில். தந்தை கம்பளிக்குச் சாயம் ஏற்றுபவர். தாயும் எளிய குடியில் பிறந்தவர். குலத்தால் அல்ல, ஊரால் அல்ல, கைத்தொழிலால்தான் அவள் பேர் வாங்கினாள் என்று ஓவிடே சொல்கிறார். இதைச் சாதி என்று நாம் சொல்லிவிட மாட்டோம். ஆனாலும் அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக நம்மால் முடியவில்லை.

நெசவுக்குத் தெய்வமான அதீனாவோடு அவள் போட்டிக்கு நின்றாள். அதீனா தன் துணியில் தேவர்களின் மகிமையை நெய்தாள்; எதிர்த்தவர்கள் பட்ட தண்டனையையும் ஓரங்களில் நெய்தாள். அராக்னி நெய்தது, தேவர்கள் வேடம் மாறி வந்து பெண்களுக்குச் செய்ததை. காளையாக வந்து யூரோப்பாவைக் கடத்தியது, அன்னமாக வந்து லீடாவை வீழ்த்தியது என 21 குற்றங்கள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதீனா துணியைக் கிழித்தாள். தறியின் நாடாவால் அவள் நெற்றியில் அடித்தாள். அவமானம் தாங்காமல் தூக்கில் தொங்கியவளைச் சிலந்தியாக்கினாள்.

அச்சுப் புத்தகங்கள் இவளை என்ன செய்தன? பொக்காச்சியோ 14ஆம் நூற்றாண்டில் எழுதிய 106 பெண்களின் வரலாறு, 1473இல் உல்ம் நகரில் மரச்செதுக்குப் படங்களோடு அச்சானது. அதில் அவள் தொழில்திறனுக்குப் பாராட்டு உண்டு. ஆனால் போட்டியில் அவள் தோற்றாள் என்று எழுதி, அகந்தைக்காரி என்று வைகிறார். துணியில் என்ன இருந்தது என்ற பேச்சே இல்லை.

1557இல் லியோன் நகரில் ழான் த தூர்ன் அச்சிட்ட ஓவிட் நூலுக்கு பெர்னார் சலோமோன் 178 படங்கள் வரைந்தார். பக்கத்துக்கு ஒரு படம், அடியில் எட்டு வரிப் பாட்டு. படம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. அந்த அளவில் 21 குற்றங்களும் எங்கே தெரியும்? தெரிவது ஓங்கிய கை மட்டுமே. அதே நூலில் யூரோப்பாவுக்குத் தனிப் பக்கம் கிடைத்தது: காளை முதுகில் கடல் தாண்டும் அழகிய பெண்ணாக. நெசவாளி சாட்சியாக நெய்ததைச் செதுக்குபவர் அலங்காரமாக்கிவிட்டார்.

விர்கில் சோலிஸ் இப்படங்களைப் பார்த்துச் செய்த படங்கள் 1563இல் பிராங்க்பர்ட்டில் அச்சாயின. சலோமோனின் படங்கள் இத்தாலிய மட்பாண்டங்களுக்கும் மாதிரியாகின. தேவர்களின் லீலைகள் பணக்காரர் வீட்டுத் தட்டுகளில் ஏறின.