மயோர்காவுக்குக் குடிபோகுமுன்

ஸ்பெயினின் மயோர்கா தீவில் விடுமுறையைக் கழித்த பிரிட்டிஷ் குடும்பங்கள் பல, இங்கேயே குடிவந்துவிடலாமா என்று யோசிப்பதுண்டு. 2021 முதல் அது சுலபமில்லை. விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

அதைவிட எனக்குக் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து அழைத்துப்போவார்கள். ஆனால் அங்கே அரசுப் பள்ளிகளில் பாடம் பெரும்பாலும் கட்டலான் மொழியில். 'புவெனோஸ் தியாஸ்' என்று மனப்பாடம் செய்த குழந்தையிடம் டீச்சர் 'போன் தியா' என்பார். முதல்நாள் வாசலில் அந்தப் பிஞ்சு முகம் திகைப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பழக்குங்கள் என்பேன்.

ஓட்டல் வேலையை நம்பிக் குடிபோகிறவர்கள் நவம்பரிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கடற்கரை ஓட்டல்கள் பல பூட்டிக் கிடக்கும், நாற்காலிகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அவை ஆள் எடுப்பது மறுபடி வசந்தம் நெருங்கும்போதுதான்.